காக்கா கத்திய சரணம்

1 ஜனவரி 1979

தாமோதரன் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் கம்பெனி டைரி. பழைய சினிமாப் பாட்டுக் கேட்பதற்கென்று பத்துப் பேர் சேர்ந்து ஒரு மன்றம் நடத்துகிறார்கள், அவர்தான் காரியதரிசி. சித்திரையில் எனக்கு விழா எடுக்கப் போகிறார்களாம். பட்டம், பொன்னாடை, விழா மலர். "மலருக்கு உங்க கையால பழைய ஞாபகமெல்லாம் எழுதித் தரணும்மா. தினம் ரெண்டு வரி போதும்" என்றார்.

சரி, எழுதுகிறேன். பெயர் வலங்கைமான் அபரஞ்சி. வயது அறுபத்துமூன்று. பதிமூன்றில் நாடகக் கம்பெனி, பத்தொன்பதில் சினிமா. பாடி நடித்த படம் ஏழு. அதில் ஒன்றுகூட இன்று எங்கும் கிடையாது. கடைசியாக நடித்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கதாநாயகனின் தாயார் பிணமாக. மூச்சு விடாமல் படுத்திருந்தேன் என்று டைரக்டர் பாராட்டினார்.

இரண்டு வரிக்கு மேல் ஆகிவிட்டது. முழங்கால் வலிக்கிறது.

4 ஜனவரி

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது. பின்னால் நின்ற ஒரு பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்து, தலைப்பைச் சரி செய்துகொண்டேன். "பாட்டி, உங்க டின்னு ஒழுகுது" என்றாள்.

குஞ்சுவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். குஞ்சு என்றால் குஞ்சம்மாள், என் தங்கை. அந்தக் காலத்தில் எனக்குத் தம்பூரா போட்டவள். அவள் வீட்டுக்காரர் போன பிறகு இந்த ராயப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

9 ஜனவரி

ரேடியோவில் இன்று "பொழுது சாயுதே" போட்டார்கள். "சுகுணவேணி படத்தில் அபரஞ்சி பாடிய பாடல்" என்று அந்தப் பெண் கொஞ்சிக் கொஞ்சிச் சொன்னாள். நான் எழுந்து போய் நிறுத்தினேன்.

"ஏன்க்கா நிறுத்தறே? நான் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"தலைவலி."

"அந்தப் பாட்டு வந்தா மட்டும் வரும் பாரு உனக்குத் தலைவலி."

அவளுக்கு வாய் அதிகம். கொத்தவரங்காய் ஆய்ந்து வைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை.

13 ஜனவரி

மலருக்காக எழுதுகிறேன், சுகுணவேணி எடுத்த கதை.

1938. அப்போது பின்னணிப் பாட்டு கிடையாது. நடித்துக்கொண்டே பாட வேண்டும். வெயில் வேண்டும் என்பதற்காகத் திறந்த வெளியில் படம் எடுப்பார்கள். மைக்கை மாமரக் கிளையில் தொங்கவிட்டிருப்பார்கள். ஆர்மோனியமும் பிடிலும் செடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிக்கும். குஞ்சு ஒரு புதருக்குள் தம்பூராவோடு உட்கார்ந்திருப்பாள். எறும்பு கடித்தால்கூட அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் செடி ஆடும்.

பெரிய தொந்தரவு காக்கா. பாட்டு நடுவில் கத்தினால் அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து. அதனால் காக்கா சுடுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு, மாசிலாமணி. சின்னத் துப்பாக்கியோடு ஸ்டூடியோவைச் சுற்றிச் சுற்றி வருவார். அன்றைக்கு அவர் மூன்று பேர் சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டார்.

பாட்டு "பொழுது சாயுதே". போன புருஷன் வரவில்லையே என்று சுகுணவேணி வாசலைப் பார்த்துப் பாடுகிறாள். இரண்டாவது சரணத்தில் மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்க வேண்டும். நின்றேன். தலைக்கு மேலே காக்கா, "கா" என்றது. நான் நிறுத்தவில்லை. ஏதோ அதுவும் பாட்டில் ஒரு அடி மாதிரி, அது முடிக்கிற வரை காத்திருந்து, அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வரியை எடுத்தேன்.

ஆர்மோனியக்காரர் தலையில் கை வைத்துவிட்டார். டைரக்டர் கல்கத்தாக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பிலிமும் மிச்சமில்லை. "ஓகே" என்று சொல்லிவிட்டார்.

படம் வெளிவந்தபோது கும்பகோணத்துக் கொட்டகையில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே சத்தம். "காக்கா கத்திடுச்சுடீ, வந்துடுவான்டீ!" காக்கா கத்தினால் விருந்தாளி வருவார் அல்லவா? வேண்டுமென்றே வைத்த காட்சி என்று ஊரே நினைத்துவிட்டது. அந்த இடத்தில் கொட்டகையே கைதட்டும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கைதட்டு அதுதான்.

14 ஜனவரி

நேற்று எழுதியதைக் குஞ்சு படித்துவிட்டாள்.

"எல்லாம் சரி. ரெக்கார்டுல ஏன் காக்கா கத்தலேன்னு தாமோதரன் கேட்டா என்ன சொல்வே?"

அந்தப் பக்கங்களை மலருக்குக் கொடுக்கப் போவதில்லை.

22 ஜனவரி

தாமோதரன் ஓட்டமும் நடையுமாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாகர்கோவில் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பழைய கொட்டகையின் கிடங்கில் சுகுணவேணி ரீல் ஒன்று கிடைத்திருக்கிறதாம். ஒரே ஒரு ரீல், ஒன்பதாவது.

"அதுலதாம்மா பொழுது சாயுதே இருக்கு! ஸ்டூடியோ தீப்பிடிச்சப்போ எல்லாம் போச்சுன்னு நெனச்சமே! சுருங்கிப்போய்க் கிடக்கு. லேப்ல சரி பண்ணச் சொல்லியிருக்கேன். ஒரே தடவைதான் ஓட்ட முடியுமாம், மறுபடி ஓட்டினா பிஞ்சிடுமாம். ஓடினா உங்களை வச்சுத்தான் ஓட்டணும்."

காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்திருப்பார். சந்தோஷமும்தான்.

23 ஜனவரி

தூக்கமில்லை.

2 பிப்ரவரி

லேபிலிருந்து தகவல் இல்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. சர்க்கரை ரேஷனில் போடவில்லை.

யாருக்கும் கொடுக்கப் போகிற பக்கம் இல்லை என்பதால் எழுதுகிறேன். அந்த ரெக்கார்டில் பாடியது நான் இல்லை.

இது அந்தக் காலத்தில் சகஜம். நாடகப் பாட்டு ரெக்கார்டுகளுக்காக நான் ஒரு கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சுகுணவேணி பாட்டுகளை ரெக்கார்டாகப் போட்டது இன்னொரு கம்பெனி. நான் பாடக் கூடாது. அதனால் திருச்சேறை மரகதம் என்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பாடவைத்து வெளியிட்டார்கள். லேபிளில் படத்தின் பெயரும் பாட்டின் முதலடியும்தான் இருக்கும். பாடியவர் பெயர் போடவில்லை. படத்தில் பாடியவள்தான் ரெக்கார்டிலும் பாடியிருப்பாள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நான் யாரிடமும் போய் என் குரல் என்று சொல்லவில்லை. அவர்களாக நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

கச்சேரிக்குப் போகிற இடத்தில் எல்லாம் அதைத்தான் பாடச் சொன்னார்கள். பாடினால், "ரெக்கார்டு மாதிரி இல்லையே" என்பார்கள். ஜலதோஷம் என்பேன். பத்து வருஷம் எனக்கு ஜலதோஷம்.

3 பிப்ரவரி

ரீல் ஓடினால் என் குரல் வெளியே வரும். காக்காவே சாட்சி. என் செத்துப்போன தொண்டையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நானே கேட்க வேண்டும். கொட்டகையே எதற்குக் கைதட்டியது என்று தெரிய வேண்டும்.

ஆனால் ரீல் ஓடினால் ரெக்கார்டில் இருப்பது வேறொருத்தி என்றும் தெரிந்துவிடும். தாமோதரன் அந்த ரெக்கார்டை ஆயிரம் தடவை கேட்டவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் என்று பெயர் வரும். பட்டமும் பொன்னாடையும் போகட்டும். ஊரில் மிச்சம் இருக்கிறதே, அபரஞ்சி என்ற பெயர், அதுவும் போகும்.

ஓடினாலும் பயம். ஓடாவிட்டால் செத்தே போவேன்.

11 பிப்ரவரி

குஞ்சுவோடு சண்டை.

"ரேடியோக்காரங்களுக்கு நீ எழுதின லெட்டரை மறந்துட்டியாக்கா?"

"எந்த லெட்டர்?"

"எந்த லெட்டரா? நான்தானே தபால்பெட்டில போட்டேன்?"

அதிலிருந்து அவளோடு பேசவில்லை. ஒரே அறையில் பேசாமல் இருப்பது கஷ்டம். ரசத்தில் உப்பு இல்லை, அதையும் சொல்ல முடியவில்லை.

15 பிப்ரவரி

பேசிவிட்டோம். தண்ணீர் லாரி வந்தது, குடம் தூக்க ஆள் வேண்டுமே.

18 பிப்ரவரி

1956. மரகதத்தின் வீட்டுக்காரர் ரேடியோவுக்கு எழுதியிருந்தார். அந்தப் பாட்டைப் பாடியது தன் மனைவி, பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று. ரேடியோக்காரர்கள் மரியாதையாக எனக்கு எழுதிக் கேட்டார்கள்.

நான் பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்பது நினைவில்லை.

19 பிப்ரவரி

நினைவிருக்கிறது. "அது என் குரல்தான். அந்த அம்மாள் யார் என்றே எனக்குத் தெரியாது."

அந்த வருஷம் எனக்கு ஒரு படமும் இல்லை. பாட்டுப் பாட வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். முகத்துக்குச் சின்னப் பெண்கள் வந்துவிட்டார்கள். இருந்தது அந்த ஒரு பாட்டுதான். அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மரகதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். என் இலையில் விழுந்த ஜாங்கிரி உடைந்திருந்தது என்று தன் இலையில் இருந்ததை எடுத்து வைத்தவள்.

6 மார்ச்

ரீல் தயார். பதினெட்டாம் தேதி, கோடம்பாக்கத்தில்.

12 மார்ச்

எந்தப் புடவை என்று குஞ்சு கேட்கிறாள். இருட்டில் உட்காரப் போகிறேன், எதுவானால் என்ன? அரக்கு நிறத்தை எடுத்து வெயிலில் போட்டேன்.

18 மார்ச்

உட்கார்ந்து எழுதக்கூடத் தெம்பில்லை. ஆனால் இன்றே எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

முப்பது நாற்காலி உள்ள சின்னத் தியேட்டர். தாமோதரன், மன்றத்து ஆட்கள் நாலைந்து பேர், நாங்கள் இருவர். முன்வரிசையில் அவர் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஷின் ஓட்டுகிறவர் வந்து, "ஒரு தடவைதாம்மா. நல்லாப் பாத்துக்குங்க" என்றார்.

விளக்கை அணைத்தார்கள். திரையெல்லாம் கீறலும் புள்ளியும். அப்புறம் ஒரு பெண் வந்தாள். இடுப்பு இத்தனூண்டு. "அய்யோ, எவ்வளவு எலும்பா இருந்திருக்கேக்கா" என்று குஞ்சு முணுமுணுத்தாள்.

பாட ஆரம்பித்தேன்.

என் குரலா அது? மூக்கால் பாடுகிறேன். மரத்தில் தொங்குகிற மைக்குக்குக் கேட்க வேண்டுமே என்று கத்துகிறேன். பல்லவியில் ஒரு இடத்தில் சுருதியே கொஞ்சம் விலகுகிறது. நாற்பத்தோரு வருஷமாக மரகதத்தை விட நான்தான் நன்றாகப் பாடினேன், கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வெட்கமாக இருந்தது. இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது சரணம். ஏறினேன், நின்றேன். காக்கா கத்தியது.

திரையில் இருந்தவள் அண்ணாந்து பார்த்தாள். பயப்படவில்லை. ஒரு சின்னச் சிரிப்பு, வா, நீயும் பாடு என்கிற மாதிரி. பிறகு அடுத்த வரியை எடுத்தாள் பாருங்கள், அந்த ஒரு வரி, அது மட்டும் நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. குஞ்சு என் கையைப் பிடித்து நெரித்துவிட்டாள். பின்னால் செடி ஆடியது, அது அவள்தான், எறும்பு கடித்திருக்கும்.

அந்த வரி முடிவதற்குள் படம் நின்று, நடுவில் பழுப்பு நிறமாக உருகி, பட்டென்று அறுந்தது. விளக்கைப் போட்டார்கள்.

இதோ கேட்கப் போகிறார் என்று தாமோதரன் முகத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் காலைத் தொட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அதே குரலும்மா! ரெக்கார்டுல இருக்கற அதே குரல்! பிலிம் தேஞ்சதுல கொஞ்சம் மெலிஞ்சு கேக்குது, அவ்வளவுதான். டேப்ல இரைச்சல்தான் பதிஞ்சிருக்கும். பரவாயில்லை, விழாவுல ரெக்கார்டையே போட்டுடலாம்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது குஞ்சு கேட்டாள்: "தப்பிச்சே. அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆயிரம் தடவை கேட்ட மனுஷன்! ஒருத்தி தொண்டை கிழியக் கத்துகிறாள், இன்னொருத்தி உட்கார்ந்து நிதானமாகப் பாடுகிறாள், இரண்டும் ஒன்று என்கிறாரே! அப்படியானால் என் குரல் என்று ஒன்று எப்போது இருந்தது? மரகதத்தின் குரல் என்று எது இருக்கிறது? ரேடியோப் பெண் யார் பெயரைச் சொல்கிறாளோ அவள்தான் பாடினாள், அவ்வளவுதானா? மரகதத்தின் பெயரை எடுத்து நான் தின்றேன். என் குரலை அவள் ரெக்கார்டு தின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் வயிறு நிறையவில்லை.

20 மார்ச்

மூன்று கடிதம் எழுதினேன். தாமோதரனுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, மரகதத்துக்கு ஒன்று. ரேடியோவுக்கு எழுதியதில், "1956-ல் நான் எழுதியது பொய்" என்று ஒரு வரி. அதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

மரகதத்தின் விலாசம் தெரியாது. திருச்சேறை என்று மட்டும் எழுதினேன். அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

குஞ்சு தபால்பெட்டிக்குக் கொண்டு போனாள். வாசலில் நின்று, "போடட்டுமா? நெஜம்மாவா? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"போடு, போ" என்றேன்.

24 மார்ச்

காலையில் கொல்லையில் காக்கா கத்தியது. "யாரோ வரப்போறாங்க" என்றாள் குஞ்சு. தாமோதரன் வந்தார். பாவம், முகம் செத்துப் போயிருந்தது.

"பத்திரிகை அடிச்சாச்சும்மா. 'பொழுது சாயுதே புகழ் அபரஞ்சி'ன்னு போட்டாச்சு. கமிட்டில பேசினோம். இது நமக்குள்ளயே இருக்கட்டும்னு சொல்றாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாரும்மா கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறேன்."

"அம்மா..."

"தம்பி, நீங்க நல்லவரு. உங்களைச் சொல்லி ஒண்ணுமில்ல. பொன்னாடையைப் போத்திக்கிட்டு நான் அந்த மேடையில உக்காந்திருக்கும்போது அந்த ரெக்கார்டைப் போடுவீங்க. ரெண்டாவது சரணத்துல காக்கா கத்தாது. எனக்கு அது கேக்கும், கத்தாததும் கேக்கும். இனிமே என்னால முடியாதுய்யா. அலுத்துப்போச்சு."

போகும்போது, "எனக்கு வித்தியாசம் தெரியலியேம்மா" என்றார். அவருக்கு அதுதான் பெரிய துக்கம் என்று தோன்றியது. எனக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

2 ஏப்ரல்

விழாவைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். தேதி பிறகு சொல்வார்களாம். சொல்ல மாட்டார்கள். அரக்குப் புடவையை மடித்து வைத்தேன்.

9 ஏப்ரல்

மரகதத்திடமிருந்து கார்டு. கும்பகோணத்தில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். திருச்சேறைத் தபால்காரர் விசாரித்து அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"அபரஞ்சி அக்காவுக்கு மரகதம் நமஸ்காரம். க்ஷேமம். கடிதம் கண்டேன். ரெக்கார்டு பாடுவதற்கு முன்னால் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போய் உங்கள் பாட்டைப் பார்க்கச் சொன்னார்கள். ஆறு தடவை பார்த்தேன். அப்படியே பாடு, காக்காவை மட்டும் விட்டுவிடு என்றார்கள். அந்த இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை. வெறுமனே நின்றுவிட்டுப் பாடினேன். ரேடியோவுக்கு எழுதியது இவர். உங்கள் பதிலை அவர்கள் அனுப்பியதும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழியும் வரை வைத்திருந்தார். போன ஆவணியில் தவறிவிட்டார். உங்கள் கடிதம் ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு இப்போது காது மந்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

குஞ்சு சத்தமாகப் படித்தாள். "போன ஆவணி" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மிச்சத்தை நான் வாங்கிப் படித்தேன்.

10 ஏப்ரல்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இட்லிக்கு அரைத்தோம்.

23 ஏப்ரல்

மத்தியானம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. குஞ்சு தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கட்டிலில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதே கொஞ்சல் குரல்: "அடுத்து, சுகுணவேணி படப் பாடல், இசைத்தட்டில் பாடியவர் திருச்சேறை மரகதம்."

கை தானாக ரேடியோவுக்குப் போயிற்று. குஞ்சு பார்த்தாள். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

நாற்பத்தோரு வருஷத்தில் அதை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. நன்றாகப் பாடியிருக்கிறாள். அவசரமே இல்லை. நான் கத்திய இடத்தில் எல்லாம் அவள் சொல்கிறாள். அவள் வீட்டுக்காரர் சட்டைப்பையை நினைத்துக்கொண்டேன். இதைக் கேட்க அவர் இல்லை, அவளுக்கோ காது மந்தம். நான்தான் கேட்டேன்.

இரண்டாவது சரணம் வந்தது. மரகதம் மேலே ஏறி அந்த இடத்தில் நின்றாள். அவள் எழுதியது சரிதான், என்ன செய்வது என்று தெரியாமல்தான் நிற்கிறாள்.

காயிலிருந்து கண்ணை எடுக்காமல், குஞ்சு "கா" என்றாள்.

சரியாக அதே இடத்தில். தம்பூரா போட்டவள் ஆயிற்றே. நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், மூக்கைத் துடைக்கத் தலைப்பு கிடைக்கவில்லை. மரகதம் அடுத்த வரியை எடுத்தாள். நானும் கூடவே, வாய்க்குள்ளேயே, பாடினேன்.